வியாழனையும் விசாரித்த கம்பவுண்டர் வேதமுத்து அய்யாவுக்கு

காய்ச்சலுக்கு மருந்தும் கலக்கத்துக்குச் சிரிப்பும் கலந்து தந்த கைராசிக்காரரே! கம்பம்மெட்டு ஏலத்தோட்ட மருந்தகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் குப்பி நிறைத்தும் குறை கேட்டும் சலிக்காத செம்மலே! வணக்கம்.

சபையோரே, அய்யாவின் பெருமையைச் சொல்லப் புகுந்தால், அவர் செய்த ஒரு தவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்!

மருந்துக்கு வரிசையில் நிற்பவர்கள் படிக்கட்டும் என்று, வானொலியில் கேட்டதை மருந்தகக் கரும்பலகையில் எழுதுவது அய்யாவின் வழக்கம். 1973 டிசம்பரில், அமெரிக்க விண்கலம் ஒன்று வியாழனை நெருங்குகிறது என்று எழுதியவர், ‘கோளைச் சுற்றி வெறும் வெளி, வேறொன்றுமில்லை’ என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டார். இரண்டே நாளில் வானொலி அவர் வாயை அடைத்தது. வியாழனைச் சுற்றி மின்னேறிய துகள்கள் மொய்க்கின்றன, அளக்கப் போன கருவிகளே திணறிவிட்டன! வேறொருவராயிருந்தால் பலகையைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். அய்யாவோ, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கே போய் இருநூறு பேர் முன் நின்றார்.

“நான் எழுதுனது தப்பு. அங்க துகள் கெடக்கு, கொள்ளை கொள்ளையா.”

களைவெட்டும் அழகுத்தாய் கேட்டார்: “அம்புட்டும் எங்கருந்துய்யா வருது?”

“தெரியலையே தாயி.”

அந்தக் கேள்வி அன்றே பலகையின் மூலையில் ஏறியது. ஐந்து ஆண்டுகள் அதை யாரும் அழிக்க அவர் விடவில்லை. அழகுத்தாயும் இருமல் மருந்துக்கு வரும்போதெல்லாம் “சேதி வந்துச்சாய்யா?” என்பார், அய்யா தலைகுனிவார். இந்த மார்ச்சோடு பணி முடிகிறதே, பதில் சொல்லாமலே மலையிறங்குவதா என்று அவர் சோறு தண்ணி இறங்காமல் தவித்ததைக் கண்டோம், பொறுக்கவில்லை எங்களுக்கு.

சென்ற வாரம் கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்த செய்தித்தாளைப் பிரித்தவர், கையிலிருந்த மருந்துக் குப்பியை அப்படியே வைத்துவிட்டு, களைவெட்டு நடக்கும் காட்டுக்கு ஓடினார்! வரிசையில் நின்றவர்களும் பின்னால் ஓடினார்கள்.

“அழகுத்தாயி! இப்பப் புதுசாப் போன விண்கப்பல் கண்டுபிடிச்சிருச்சு! வியாழனோட நெலா ஒண்ணுல எரிமலை வெடிக்குதாம். அது கக்குற கந்தகந்தான் மின்னேறி வளையமாச் சுத்துது. நான் சொறிக்குத் தடவுற அதே கந்தகம்!”

அழகுத்தாய் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “செரிய்யா. அம்புட்டுத் தூரத்துல, அந்தக் குளிருக்குள்ள, அடுப்பு மூட்டுனது எது?”

அய்யா வாய்விட்டுச் சிரித்தார். திரும்பி வந்து பழைய கேள்வியைத் தம் கையாலேயே அழித்தார். அதே மூலையில் புதியதை எழுதினார்.

அருமை அய்யா! அந்த மூலையில் ஈரத்துணி படாமல் காப்பது இனி எங்கள் பொறுப்பு. நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ்வது தங்கள் பொறுப்பு! பதில் எங்களுக்கு முதலில் தெரியவந்தாலும் அழகுத்தாயிடம் மூச்சுவிட மாட்டோம். அதைச் சொல்லத் தாங்களேதான் மலையேறி வரவேண்டும்.

தங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
மருந்தகத்தாரும் தோட்டத்தாரும்
31 மார்ச் 1979