பிளெக்ஸ்ல வெச்ச மீச

அந்த சிங்கத்த மொதல்ல எடு, அன்பரசு. பனிமலையில ஏதுப்பா சிங்கம்? இமயம் வென்ற ஆரணிச் சிங்கம் வேணுகோபால்... சங்கத்துக்காரங்க எழுதிக் குடுத்தாங்களா? குடுப்பாங்க. பட்டுக்கடை வெச்சிகினு இருக்கறவன் நான். எடு.

லேப்டாப்ப இப்பிடித் திருப்பு. நாளைக்குப் பாராட்டு விழா, இப்பப் போயி திருத்தம் சொல்றாரேன்னு பேஜார் ஆவாத. பிரிண்டுக்குப் போவலதானே? அப்ப சரி.

பின்னாடி இன்னாது, எவரெஸ்டா? யோவ், போனது லடாக்கு. ஆறாயிரம் மீட்டரு. எம் புள்ள கிரண் பெங்களூர்ல ஒரு கம்பெனியில பேர் குடுத்தான். கைடு, கூடாரம், குதிர எல்லாம் அவங்களுது. அறுபத்தாறு வயசுல அப்பாவ ஏத்திக் காட்டணும்னு அவனுக்கு ஒரு இது. நானும் கடைக்கு வர்றவங்ககிட்டலாம் சொல்லிகினு இருந்தேன். ஆமா, நாலு மாசம் சொன்னேன். இப்ப இன்னா அதுக்கு?

பிராக்டிஸா? பருவதமல. அஞ்சு வாட்டி, ஷூ போட்டுகினு. எம் பொண்டாட்டி கிருஷ்ணம்மா இருவது வருஷமா பௌர்ணமிக்கு பௌர்ணமி ஏர்றா, வெறுங்காலோட. அதுக்கு யாரு பேனர் வெச்சா?

லடாக்குக்கும் வந்தா. என் சுகர் மாத்திரைய பாத்துக்க. பருப்புப்பொடி டப்பாவோட.

உச்சியில எப்பிடி இருந்ததா? காத்துதான். பாட்டில்லயே தண்ணி கல்லாப் போச்சாம். கைடு கையெடுத்துக் கும்பிட்டானாம். போதுமா? இதெல்லாம் பேனர்ல எழுதப்போறியா?

அந்தக் கைடு கறாரான ஆளு. சாயங்காலமானா விரல்ல ஒரு கிளிப்பு மாட்டுவான். ஒடம்புல காத்து எவ்ளோ கீதுன்னு நம்பர் காட்டும். எம்பதுக்கு மேல இருந்தாதான் மேல ஏத்துவான். ஆரணியில யாரு, எந்தக் கட, அவனுக்குத் தேவையில்ல.

போட்டோவ வாட்சப்புல போட்டவன் கிரண்தான். கண்ணாடி, குல்லா, குண்டு ஜாக்கெட்டு, கையில நம்ம கட பட்டுத் துண்டு. போட்டதும் வாழ்த்து வந்துகினே இருந்தது. எவனும் ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல. பத்து நாளாச்சி.

பெருசாக்கு. இன்னும்.

மீச எங்கருந்து வந்தது? என் பழைய போட்டோவுல வெட்டி ஒட்டினியா? மூக்காண்ட ஏதோ மினுக்குச்சின்னு அழிச்சும் வெச்சிருக்க. நல்ல வேலக்காரன்யா நீ.

காலையில நீ அனுப்பினத கிருஷ்ணம்மா பாத்தா. பத்து நாளா இத பத்தி வாயத் தொறக்காதவ. மீச எடுப்பா இருக்குதுங்கன்னா. அவ்ளோதான். போயி மாவு அரைக்க உக்காந்துட்டா.

நாளைக்கு விழாவுல அவ கீழ மொத வரிசையில உக்காருவா. மேடையில எனக்கு சால்வ போத்துவாங்க. அவ கை தட்டுவா. அத நெனச்சிப் பாத்தேன். இட்லிய அப்பிடியே வெச்சிட்டு இங்க வந்துட்டேன்.

மவுஸ புடி, ஜல்தி. மீசய எடு. என் பேர அழி. அந்தக் கிளிப்பு எனக்கு அறுபத்திநாலு காட்டிச்சி. கூடாரத்துல வாந்தி எடுத்துகினு கெடந்தேன்.

முழிக்காத. மூக்குல மினுக்கினத திரும்ப வை.

அது பனியும் இல்ல, தூசியும் இல்லப்பா. அவ மூக்குத்தி.