சவுக்குத் தோப்பில் பசு செத்தது பற்றி ராஜபாய் சொன்னது

கொல்லம் 1112 துலாம் 14. ஏட்டு வேலாயுதன் முன்பாகச் சொன்னது.

என் பெயர் ராஜபாய். வயது இருபத்தாறு இருக்கும். சொந்த ஊர் விளவங்கோடு. கழக்கூட்டத்துக்கு மேற்கே, கரமனை அனந்தபத்மநாப ஐயரின் சவுக்குத் தோப்பில் காவலாக இருக்கும் தங்கையனின் மனைவி. தோப்புக்குள்ளேயே குடிசை. நான் தமிழில் சொல்ல ஏட்டும் தமிழிலேயே எழுதுகிறார். போலீஸ் ஸ்டேஷனுக்கு இதற்கு முன் வந்ததில்லை. பயமாக இருக்கிறது.

சவுக்கு சீக்கிரம் பருத்து விறகுக்கு ஆக வேண்டும் என்று ஐயர் இந்த மழைக்குச் சீமை உர உப்பு வாங்கி இறக்கினார். வெள்ளையாக, சமையல் உப்பு மாதிரி இருந்தது. என் புருஷன் அதைத் தூரை ஒட்டிக் கொட்டியதில் ஒரு வரிசை இளமரம் கருகிவிட்டது. ஐயர் வந்து பார்த்து, "தள்ளி வட்டம் கீறிப் போடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா. இனிமே நோக்கு இங்கே வேலை இல்லை" என்றார். அவர் போன பிறகு என் புருஷன், "காணலாம்" என்று கோபத்தில் சொன்னது உண்மை. கூலியாட்கள் அதைக் கேட்டார்கள்.

அதன் பிறகு மறுநாள், எங்களிடம் வளர்ப்புக்கு விட்டிருந்த ஐயரின் பசு, மத்தியானம் தண்ணீர் குடித்த சிறிது நேரத்தில் கால் பின்னி விழுந்தது. ஈறு கறுத்துவிட்டது. மாடு பிழைக்கட்டும் என்று காதைக் கீறியபோது இரத்தம் காப்பி நிறத்தில் வந்தது. தங்கையன் விஷம் வைத்துவிட்டான் என்று ஐயர் பிராது கொடுக்க, என் புருஷனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பசுவைக் கொன்றவனை இந்த ராஜ்யத்தில் சும்மா விடமாட்டார்கள். அதை நினைத்து எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

என் புருஷன் அன்று பசுவின் பக்கமே போகவில்லை. தீனியும் தண்ணீரும் வைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. காலையில் புல்லும் தவிடும் வைத்தேன். மத்தியானம் சாக்கு கழுவிய தண்ணீர் ஊற்றினேன். தவிட்டுச் சாக்கோ உப்புச் சாக்கோ, காலியானால் தொட்டியில் ஊறவைத்து அலசி, சாக்கைப் படுக்கைக்கு எடுத்துக்கொண்டு, தண்ணீரை மாட்டுக்கு விடுவது எங்கள் வழக்கம். பசு அதை ஆசையாகக் குடித்துவிட்டுத் தொட்டியையும் நக்கியது.

எந்தச் சாக்கு என்று ஏட்டு கேட்டார். உரச் சாக்கு என்று சொன்னேன். ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. என் புருஷனை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

இன்னும் ஒன்று உண்டு. இன்று இங்கே புறப்படும் முன் இன்னொரு உரச் சாக்கைத் தொட்டியில் ஊறவைத்துவிட்டு வந்தேன். வெயில் தாழ்ந்ததும் என் புருஷனின் தங்கை தங்கபாய், செத்த பசுவின் கன்றை அவிழ்த்து அந்தத் தொட்டிக்கு விடுவாள். "கண்ணுக்குட்டி குடிச்சிரும் ஏமானே. என்னை விடுங்க, ஓடிப்போய்க் கவுத்திட்டு நானே திரும்பி வந்திருதேன்" என்று கும்பிட்டேன். முதலில் வாக்குமூலம் முடியட்டும் என்றார்.

எழுதியதை வாசித்துக் காட்டினார். பாதியிலேயே எல்லாம் சரி என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னதுதான், பொய் இல்லை. கையெழுத்துத் தெரியாததால் இடது பெருவிரல் ரேகை வைத்தேன். மை பரவி அது கலைந்துவிட்டதால் இன்னொன்று வைக்கச் சொல்கிறார்கள். வெளியே வெயில் தாழ்ந்துவிட்டது.