வெற்றுத்தாளில் இரண்டு கையெழுத்து

கறுப்பு மையில எழுதணும்னு எல்லா ஃபார்மிலயும் முதல் வரியிலயே போட்டிருக்கும். ஆனா நம்ம ஆளுங்க நீலப் பேனாவோடதான் வந்து நிப்பாங்க. இருபத்திரெண்டு வருஷமா சொல்லிப் பார்த்துட்டேன், ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுடறாங்க. நீங்க கறுப்புப் பேனாவே வெச்சிருக்கீங்க, சந்தோஷம். நம்ம பாஷையும் பேசறீங்க. அதனால நிதானமா சொல்றேன் மேடம், அவசரப்படுத்தாதீங்க. காலைல என் வாக்குமூலத்தை எழுத வந்த உங்க ஆளு நான் ஒரு வாக்கியத்தை முடிக்கறதுக்குள்ள அடுத்த கேள்விக்குப் போயிட்டார். எனக்கு அது பிடிக்கறதில்லை.

என் தொழில் துணி திருத்தறது. பேண்ட் நீளம் குறைக்க, ஜிப் மாத்த, இடுப்பு பிடிக்கன்னு வருவாங்க. ஜன்னல் ஓரமா இன்னொரு மேஜை இருக்கு, அது ஃபார்ம் மேஜை. ஆபீஸ் பாஷை வாய்க்குள்ள நுழையாதவங்க எல்லாம் அங்க வந்து உக்காருவாங்க. வீட்டு மனு, பள்ளிக்கூடச் சேர்க்கை, விசா, குடியுரிமை, எதுவானாலும் நான்தான். ஃபார்ம் அக்கான்னு கேட்டா எங்க தெருவுல யாரும் வழி காட்டுவாங்க. காகிதம் கிடைச்சதும் எல்லாரும் மறந்துடுவாங்க, அது வேற விஷயம். குடியுரிமை வாங்கிக் கொடுத்த குடும்பம் ஒண்ணு, எதிர்ல வந்தா ரோட்டைத் தாண்டிப் போகுது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். ஒரே பையன், வேற ஊர்ல இருக்கான். வருஷத்துக்கு ஒரு தடவை பேசுவோம், அதுவும் அவன் பிறந்தநாளுக்கு நான் போன் பண்ணா.

சின்னவ என்கிட்ட வந்தது துணி திருத்தத்தான். அவளுக்குப் பேர் இருக்கு, உங்க ஃபைல்ல பாத்துக்கோங்க, எனக்கு அவ சின்னவதான். நல்ல வெயில் காலம். நாலு சட்டையைக் கொண்டு வந்து, கையை மணிக்கட்டு வரைக்கும் நீட்டித் தாங்கன்னா. வெயில் காலத்துல ஊரே கையைக் குறைக்கச் சொல்லும்போது இவ நீட்டச் சொல்றா. எனக்குப் பொறி தட்டிடுச்சு. அளவெடுக்கற சாக்குல கையைத் தூக்கச் சொன்னேன். முழங்கைக்கு மேல அஞ்சு விரலும் பதிஞ்சு பச்சையா இருந்துச்சு.

சட்டையைத் தெச்சுக் கொடுத்து, "மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு, சாவி இந்த டப்பாவுல இருக்கு"ன்னு மட்டும் சொன்னேன். மூணு வாரம் கழிச்சு ஒரு மத்தியானம், காய்கறிப் பையோட வந்தா. பைக்குள்ள ஒரு வெங்காயம்கூட இல்லை. ரெண்டு புடவை, பல் தேய்க்கற பிரஷ், ஆஸ்பத்திரிச் சீட்டு. என்னை யாராவது குத்தம் சொல்றதுக்கு முன்னாடி, அந்தப் பையை நினைச்சுப் பாக்கணும்.

அவ புருஷன் அவளுக்கு மெசேஜ் மேல மெசேஜா அனுப்பிட்டே இருந்தான். எல்லாத்துலயும் ஒரே பல்லவி. "உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?" படிச்சுக் காட்டினா. நான் சிரிச்சேன். "இவனுங்க எல்லாருக்கும் இதை யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்கடி"ன்னேன். முதல் தடவையா அவளும் சிரிச்சா.

அவ இந்த நாட்டுல இருக்கறதே அவன் மனைவிங்கற பேர்லதான். அவன் கையை விட்டா இவளுக்குக் காகிதம் கிடையாது. ஆனா அடி தாங்காம வெளிய வந்தவங்க தன் பேர்லயே குடியுரிமைக்கு மனு போடலாம்னு ஒரு வழி இருக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள முடிக்கணும். அது முடியற வரைக்கும் நாட்டை விட்டு வெளிய போகக் கூடாது, போனா மனு செத்துடும். அவளுக்கு அம்மா மட்டும்தான், அங்க படுத்த படுக்கையா இருந்தாங்க. "காகிதம் வந்த அன்னைக்கே டிக்கெட் போடுவேன் அக்கா, அம்மா முகத்தை ஒரு தடவை பாத்தாப் போதும்"னு தினமும் சொல்லுவா. அவளுக்கு வேண்டியிருந்தது அது ரெண்டும்தான்.

மனுவோட நாலு பக்க வாக்குமூலத்தையும் நான்தான் எழுதினேன். அவ அழுதுகிட்டே சொல்லுவா, நான் அழாம எழுதுவேன். மூணாவது பக்கம் எனக்கு மனப்பாடம். "என் கணவர் எனக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார். அவருக்குப் பிடிக்காதவற்றை ஒளித்து வைப்பார். நான் அவரைவிட்டு எங்கும் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதைச் செய்தார்." என் கையெழுத்துதான், நீங்களே பாருங்க. ஏழாவது கட்டத்துல, "முகவரியைக் கணவருக்குத் தெரிவிக்க வேண்டாம்"ங்கறதுக்கு எதிர்ல டிக் போட்டேன். பேனாவை ரெண்டு தடவை அழுத்திப் போட்டேன்.

அப்புறம் வழக்கம்போல ரெண்டு வெத்துத்தாள்ல அடியில கையெழுத்து வாங்கிக்கிட்டேன். இது என் பழக்கம் மேடம். ஆபீஸ்ல திடீர்னு ஒரு பக்கத்தை மாத்திக் கேப்பாங்க. அதுக்காக வேலைக்கு லீவு போட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி ஒருத்தர் வரணுமா? வெத்துத்தாள் இருந்தா நானே எழுதி அனுப்பிடுவேன். இருபத்திரெண்டு வருஷத்துல ஒருத்தர்கூட ஏன்னு கேட்டதில்லை. சின்னவளும் கேக்கல, மடமடன்னு போட்டுக் கொடுத்தா.

முதல் தடவை மனு திரும்பி வந்தது நிஜமாவே தவறுதலாத்தான். போட்டோ அளவு ஒரு விரல்கடை பெருசா இருந்துச்சாம். இந்த ஆபீஸ்காரங்களுக்கு இதுதான் வேலை, தலை போற விஷயத்தை விட்டுட்டு போட்டோவை ஸ்கேல் வெச்சு அளப்பாங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. அவ மாடிப்படியில உக்காந்து அழுதா. டீ போட்டுக் கொடுத்து, தலையைத் தடவிக்கிட்டு இருந்தேன். அவ என் மடியில சாஞ்சா. அப்பதான், சும்மா சொல்லக் கூடாது, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. இன்னும் ஆறு மாசம் இருப்பான்னு.

அவ வந்ததுக்கு அப்புறம் வீட்டுல ரெண்டு தட்டு கழுவ விழுந்துச்சு மேடம். அது உங்களுக்குப் புரியுமான்னு தெரியல. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கக் கத்துக் கொடுத்தேன், கப்புன்னு பிடிச்சுக்கிட்டா. சாயங்காலம் மெஷினை மூடினதும் அக்கா, அக்கான்னு கடையில நடந்த கதை எல்லாம் சொல்லுவா. இடுப்பு பெருத்த ஒருத்தர் ஒவ்வொரு மாசமும் பேண்ட்டைக் கொண்டு வந்து, துணி சுருங்கிடுச்சுன்னு சாதிப்பார். அவர் மாதிரியே நடந்து காட்டுவா. நான் அப்படிச் சிரிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு.

திருத்தின மனு போய் அஞ்சு மாசத்துல நேர்காணலுக்குக் கடிதம் வந்துச்சு. தபால் பத்து மணிக்குக் கதவு இடுக்கு வழியா விழும். அவ அப்ப மாடியில துணி துவைச்சுக்கிட்டு இருப்பா. நான் பிரிச்சுப் படிச்சேன். எல்லாருடைய ஆபீஸ் கடிதத்தையும் நான்தான் பிரிப்பேன், அதுல தப்பில்லை. வந்த தேதியைப் பென்சில்ல ஓரமா குறிச்சேன், ஓட்டை போட்டேன், ஃபைல்ல வெச்சேன். வேற ஒரு ஃபைல்ல. அவகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். நேர்காணல் தேதி தாண்டினதும் சொல்ல முடியாமப் போச்சு.

ஏன் வரலைன்னு காரணம் கேட்டு அடுத்த கடிதம். அதுக்கும் தேதி போட்டு, ஓட்டை போட்டு, உள்ள வெச்சேன். கிழிச்சுப் போட்டிருக்கலாமேன்னு காலைல உங்க ஆளு கேட்டார். அரசாங்கக் கடிதத்தை எப்படிக் கிழிக்கறது? என் கையால அது வராது.

அவ தினமும் கேப்பா. "தபால் வந்துச்சா அக்கா?" "வரல." "போன வாரம் வரும்னீங்களே." "அது என் அப்பன் வீட்டு ஆபீஸாடி?" நானும் அவளும் சேர்ந்து உக்காந்து அந்த ஆபீஸைத் திட்டுவோம். எனக்குப் பொய்க் கோபம் இல்லை மேடம், நிஜமாவே கோபம் வரும். அவளை இப்படிக் காக்க வைக்கறாங்களேன்னு.

மழைக் காலத்துல அவ அம்மா போயிட்டாங்க. போன்ல சேதி வந்துச்சு. மனு செத்தாலும் பரவாயில்லை, கிளம்பறேன்னா. நான்தான் கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன். "இப்பப் போனா திரும்பி வர முடியாது. அங்க போய் யார்கிட்ட நிப்பே? அவன் குடும்பம் அங்கதானே இருக்கு"ன்னு எடுத்துச் சொன்னேன். சரியான யோசனைதான், யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க. மூணு நாள் சாப்பிடல. நான்தான் பிசைஞ்சு ஊட்டினேன். நேர்காணலுக்குப் போயிருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே காகிதம் வந்திருக்கும், அம்மாவையும் பாத்திருப்பாங்கறது கணக்குப்படி சரிதான். அதை நானும் ஊட்டும்போது யோசிச்சேன். ஆனா அந்தச் சமயத்துல அவளுக்கு ஆறுதலா ஒரு ஆள் வேணும் இல்லையா?

அதுக்கப்புறம் அவ மாறிட்டா. பேச்சு குறைஞ்சுது. கிளினிக்ல மருந்து எடுத்துக் கொடுக்கற பொண்ணு ஒருத்தி பழக்கம் ஆச்சு. அந்தப் பொண்ணு மூலமா சின்னவ வேற ஊர்ல ஒரு பள்ளிக்கூடச் சமையல்கட்டுல வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கா. என்கிட்ட மூச்சு விடல. எல்லாம் முடிவான பிறகு, ஊசியில நூல் கோத்துக்கிட்டே சாதாரணமா சொல்றா. "அடுத்த மாசம் போறேன் அக்கா. போறதுக்கு முன்னாடி நானே ஆபீஸுக்குப் போய் என் மனு என்னாச்சுன்னு கேட்டுடறேன். உங்களுக்கு ஏன் சிரமம்." சிரமமாம். அன்னைக்கு அவ கோத்த நூலை நான்தான் திரும்ப எடுத்துக் கோத்தேன், கலர் தப்பு.

மறுநாள் அந்த வெத்துத்தாளை எடுத்தேன். மூணே வரி. "நான் என் கணவருடன் சமாதானமாகிவிட்டேன். அவருடனேயே வாழ விரும்புகிறேன். ஆகவே என் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." கீழ அவ கையெழுத்து ஏற்கெனவே இருந்துச்சு, அழகா, நேரா. காகிதம் இல்லாட்டி எந்தப் பள்ளிக்கூடத்துல வேலை கொடுப்பாங்க? கொஞ்ச நாள் அழுவா, அப்புறம் தெளிஞ்சு மெஷின்ல வந்து உக்காருவா. அவ நல்லதுக்குன்னுதான் நினைச்சேன்.

பதினோரு நாள் கழிச்சு, செவ்வாய்க்கிழமை காலைல அவன் கடைக்கு வந்தான். கையில ஆபீஸ் கடிதம். நான் அப்ப கடையில இல்லை, தப்பான ஜிப் கொடுத்துட்டாங்கன்னு மாத்தப் போயிருந்தேன். இருபது நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வரும்போது அவ மாடிப்படிக்கு அடியில கிடந்தா. ஒரு கையும் இடுப்பும் உடைஞ்சிருந்துச்சு. அவன் மேல் படியில உக்காந்து என்னைப் பார்த்து, "எம் பொண்டாட்டிதான் என்கூட வாழணும்னு எழுதியிருக்கா, இதுல இருக்கு பாருங்க"ன்னு அந்தக் கடிதத்தை ஆட்டினான். அவ அதைக் கேட்டுக்கிட்டே என்னைப் பார்த்தா. ஆபீஸுக்கு அவ பேர்ல எழுதற கை யாருதுன்னு அவளுக்குத் தெரியாதா. அவ காகிதம் எல்லாம் எங்கன்னு உங்க ஆளுங்க தேடும்போதுதான் அந்த இன்னொரு ஃபைலும் கிடைச்சுது. தேதிவாரியா, பென்சில் குறிப்போட. தேடினவங்களுக்கு ரொம்ப வசதியாப் போச்சு.

மேடம், காலைல உங்க ஆளுகிட்ட ஒண்ணு சொன்னேன். கடிதத்தோட நகல் அவனுக்கும் போகும்னு எனக்குத் தெரியாதுன்னு. அதை அடிச்சுடுங்க. அடிச்ச இடத்துல நான் சுருக்கமா கையெழுத்துப் போடணும், இல்லைன்னா செல்லாது.

தெரியும். மனுவைத் திரும்ப வாங்கறதுக்கு "சொந்தக் காரணம்"னு ரெண்டு வார்த்தை எழுதினாலே போதும். கணவனோட சமாதானம்னு எழுதினாத்தான் ஏழாவது கட்டத்து டிக் ரத்தாகும். ரத்தானா ரெண்டு பேருக்கும் நகல் போகும், மேல அவ முகவரியோட. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? அவன் ஒரு தடவை வாசல்ல வந்து நின்னு கத்தணும், அவ்வளவுதான் நான் நினைச்சது. நான் கத்தரிக்கோலோட முன்னாடி நின்னு விரட்டியிருப்பேன். என்ன பேசணும்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன். காய்கறிப் பையோட வந்த அன்னைக்கு மாதிரி பயந்து, அவ என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருப்பா. அதுக்கப்புறம் எங்கயும் போகணும்னு சொல்லியிருக்க மாட்டா. அந்த ஜிப் கடைக்காரன் மட்டும் ஒழுங்கா கொடுத்திருந்தா எதுவும் நடந்திருக்காது.

இப்ப என்னைப் பாக்கவே மாட்டேன்னு சொல்லிட்டாளாம். எந்த ஆஸ்பத்திரின்னுகூட யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க பக்கத்தைத் திருப்பும்போது பாத்தேன், புது மனு போல இருக்கு, வேற யாரோ எழுதியிருக்காங்க. கையெழுத்து கோணல். ஏழாவது கட்டத்துல டிக் இருக்கு. யாருக்கு முகவரியைத் தெரிவிக்க வேண்டாம்ங்கற இடத்துல அவன் பேருக்குக் கீழ ரெண்டாவதா ஒரு பேர் இருக்கு. அது என் பேர்தானே?

பரவாயில்லை, மறைக்காதீங்க. இடுப்புல கட்டு போட்டிருந்தா அவ பழைய பாவாடை எதுவும் ஏறாது, நாடாவைப் பெருசாக்கணும். கொடுத்து விட்டீங்கன்னா தெச்சுத் தரேன், நான் தெச்சேன்னு சொல்ல வேண்டாம். அவளை நான் தரையில தூங்க விட்டதில்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கை நீட்டினதில்லை. நான் தப்பு பண்ணேன்னு எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா நீங்க அவளைப் பாக்கும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டு வந்து சொல்லுங்க மேடம்.

அவளுக்கு நான் என்ன குறை வெச்சேன்?