பவனி நாளில் விழுந்த முத்திரை

பெயர்: வால்புர்கா ஸெல்னர். வயது: 41. கணவர்: அலோய்ஸ். தொழில்: வீட்டு வேலை. முகவரி: ஆலைத் தெரு 6, ஓபர்கிர்ன்பாக், மேல் பவேரியா. பதிவு செய்த நாள்: 22.10.2025 புதன், காலை 9.10.

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் நாலரை வயது மகன் கோர்பினியனுடனும் வசித்து வருகிறேன். இவ்வழக்கின் எதிரி கிரெசென்ட்சியா, வீட்டில் சென்ட்சி, என் கணவரின் கூடப்பிறந்த தங்கை. உறவுக்காரி என்பதால் நான் சாட்சி சொல்ல மறுக்கலாம் என்று காவல் அதிகாரி எடுத்துச் சொன்னார். மறுக்கவில்லை என்றேன். இரண்டாம் முறை கேட்டார். அதையே சொன்னேன்.

எங்கள் பாலர் பள்ளியில் சேரும் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி இரண்டு போட்டிருக்க வேண்டும். மஞ்சள் அட்டைத் தடுப்பூசிப் புத்தகத்தைத் தலைமை ஆசிரியையிடம் காட்ட வேண்டும். இது சட்டம். என் மகனுக்கு இரண்டு வயதில் ரத்தப் புற்று கண்டு, சிகிச்சை இந்த மார்ச்சில்தான் முடிந்தது. அவனுக்கு இப்போதைக்கு அந்த ஊசி கூடாது என்று எங்கள் ஊர் டாக்டர் ஓஸ்டர்மையர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் போட்டிருந்தால் அனுப்பலாம், ஒரு பிள்ளைக்கு இல்லையென்றாலும் அனுப்பக் கூடாது என்றும் சொன்னார். இரண்டு வருடமாக அவன் பள்ளிப் பை ஆணியில் தொங்குகிறது. செப்டம்பர் 15 அன்று அவனும் சென்ட்சியின் மகள் மக்டலேனாவும் ஒரே வகுப்பில் சேருவதாக இருந்தது.

செப்டம்பர் 1, திங்கள், காலை பத்து மணி அளவில் சென்ட்சி சேர்க்கைப் படிவத்தோடு என் சமையலறைக்கு வந்தாள். "அண்ணி, உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும், நீங்களே நிரப்பிடுங்க. என் எழுத்தைப் பாத்தா டாக்டரே பயந்துடுவார்" என்றாள். நான் காப்பி வைத்துக் கொடுத்துவிட்டு மஞ்சள் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். முதல் ஊசி 11.05.2023. இரண்டாவது 08.06.2023. இரண்டிலும் டாக்டர் ஓஸ்டர்மையரின் முத்திரை. இரண்டாவது தேதியில் என் பேனா நின்றது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தெரிந்துகொண்டதெல்லாம் எழுதி எழுதித் தெரிந்துகொண்டதுதான். அதனால் கல்யாணமான நாளிலிருந்து தினக்குறிப்பு வைத்திருக்கிறேன், ஒரு நாளும் விட்டதில்லை. அதை எடுத்துவந்து பார்த்தேன். அன்றைய குறிப்பு: "வியாழன். கிறிஸ்துவின் திரு உடல் திருநாள். விடுமுறை. நல்ல வெயில். நற்கருணைப் பவனி 8.30 முதல் 11.15 வரை. விதானத்தின் பின்பக்க இடது கம்பு டாக்டர். லேனி பூவிதழ் தின்றாள்." விதானம் என்பது பவனியில் நற்கருணை அப்பத்துக்கு மேலே நான்கு பேர் கம்பு பிடித்து வரும் துணிப்பந்தல். லேனி என்பது மக்டலேனா. அந்தக் குறிப்பேட்டை இன்று ஒப்படைத்துள்ளேன்.

"இந்த ரெண்டாவது ஊசியை எப்படி போட்டே?" என்று கேட்டேன்.

"அதான் தேதி இருக்கே."

"அன்னிக்கு உன் பொண்ணு தள்ளுவண்டியில உக்காந்து பாதையில தூவுற பூவைத் தின்னுட்டிருந்தா. வாயில விரல் விட்டு எடுத்தது நான்."

"சாயங்காலமா போட்டிருப்பார்."

"பவனி முடிஞ்சு அவர் நேரா பீர்ப் பந்தலுக்குப் போனார். எதிர்ல உக்காந்தது உன் புருஷன். அந்தக் கையாலயா ஊசி போட்டார்?"

சென்ட்சி சிரித்தாள். அதன்பின் காலியான கோப்பையில் கரண்டியை விட்டு வெகுநேரம் கலக்கினாள். அதன்பின் சொன்னாள்: லேனிக்கு ஒரு வயதுக்கு முன் வேறொரு ஊசி போட்டபோது காய்ச்சலில் வலிப்பு வந்ததாகவும், அதற்குப்பின் டாக்டரிடமே போகவில்லை என்றும், கைபேசி வழியாக வடக்கே யாரோ ஒருவரிடம் இந்தப் புத்தகத்தை வாங்கியதாகவும், அவர் முகத்தைப் பார்த்ததில்லை என்றும் சொன்னாள். வடக்கே அந்தத் திருநாளுக்கு விடுமுறை இல்லை, அங்கே இருப்பவர்களுக்கு அது வெறும் வியாழக்கிழமை. எங்கள் பக்கம் அன்று மருந்துச்சீட்டுக் கூட எழுத மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் நீயே தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொல், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். "பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட என்னன்னு சொல்லுவீங்க அண்ணி, நாத்தனாரைக் காட்டிக் குடுத்தேன்னா?" என்று கேட்டாள். "நீயே போய்ச் சொல்லிட்டா எனக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காது" என்றேன்.

மாலையில் கணவரிடம் சொன்னேன். "அவ என் தங்கச்சிடி" என்றார். மகனுக்குக் காய்ச்சல் பார்த்து எழுதிய நோட்டை அவர் முன் வைத்தேன். இரண்டு பக்கம் படித்தார். "வெள்ளி வரைக்கும் பொறு" என்றார். பொறுத்தேன். வெள்ளியன்று சென்ட்சி வேறு படிவத்தைத் தன் கையால் நிரப்பி, அதே புத்தகத்தைக் காட்டிவிட்டு வந்தாள்.

செப்டம்பர் 8, திங்கள், நான் தலைமை ஆசிரியை திருமதி லெஹ்னரைப் பார்த்துச் சொன்னேன். அவர் கோப்பிலிருந்த நகலைப் பார்த்தார், பழைய நாள்காட்டியைப் பார்த்தார். "ஊசி ரெண்டா, முத்திரை இருக்கா, அதைத்தானே பாத்தேன். அன்னிக்கு நானே பாடற்குழுவுல பாடிட்டுப் போனேனே!" என்றார். அதன்பின் சுகாதார அலுவலகத்துக்கு அவர்தான் தெரிவித்தார், அங்கிருந்து காவல் துறைக்குப் போனது. 15-ஆம் தேதி இரு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகவில்லை. லேனியைச் சேர்க்கவில்லை, வகுப்பின் எல்லாப் புத்தகங்களையும் சரிபார்க்கும் வரை கோர்பினியனை அனுப்ப வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன்பின் இரண்டு ஞாயிறு சென்ட்சி கோயிலில் எதிர்ப்பக்க வரிசையில் உட்கார்ந்தாள். செப்டம்பர் 21, பூசை முடிந்து தீர்த்தத் தொட்டி அருகே என் பக்கம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். என்னால ஊசியைப் பாக்க முடியாது" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாள் நான் போனேன். லேனியை என் மடியில் வைத்துப் போட்டார்கள். அவள் என் கட்டைவிரலைக் கடித்தாள். சென்ட்சி நடைவழியில் சுவரைப் பார்த்து நின்றாள். அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சூடு பார்த்து எழுதினேன். ஒன்பதாம் நாள் 38.4 டிகிரி, லேசான காய்ச்சல். வலிப்பு வரவில்லை. இரண்டாவது ஊசி அக்டோபர் 20, திங்கள், அதே மடியில் போட்டார்கள். இரண்டு தேதியையும் நாள்காட்டியில் சரிபார்த்துவிட்டேன். விடுமுறை இல்லை.

எதிரிக்குத் தண்டனை குறைய வேண்டும் என்று இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். முதலில் சொன்னதும் நடந்தது, பிறகு சொன்னதும் நடந்தது, இரண்டையும் எழுதுங்கள் என்றேன்.

நவம்பர் 10, திங்கள் முதல் கோர்பினியனை அனுப்பலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் புனித மார்ட்டின் விளக்கு ஊர்வலம். அவனும் லேனியும் ஜோடியாக நடப்பார்கள் என்று திருமதி லெஹ்னர் பட்டியல் போட்டிருக்கிறார். அவனுடைய காகித விளக்குக்குச் சென்ட்சிதான் கம்பு செதுக்கிக் கொடுத்தாள்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பவனி தொடங்கியது சுமார் ஒன்பது என்று இருந்ததை 8.30 என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். இதில் நான் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. நற்கருணை முன் நின்று கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

(ஒப்பம்)
வால்புர்கா ஸெல்னர்