ஒரு நாற்காலி, இரண்டு முதுகுகள்

கேட்பதற்குப் பெருங்கூட்டத்தையும் உட்கார்வதற்கு நாற்காலியையும் தாராளமாகத் தந்துவிட்டு, பேசுவதற்குப் பத்தே நிமிடம் தந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! பெரியோர்களே! வீட்டையும் அலுவலகத்தையும் ஒரே முதுகில் சுமக்கும் தாய்மார்களே! கணினித் திரையில் கண்ணைக் கரைக்கும் தோழர்களே! உங்கள் கழுத்துவலியையும் முதுகுவலியையும் நம்பிப் பிழைக்கும் இந்த இயன்முறை மருத்துவனின் பணிவான வணக்கம்.

மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலித்தால் ஊரே உச்சுக் கொட்டுகிறது. உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு வலித்தால் என்ன சொல்கிறது? "ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு உனக்கென்னய்யா வலி?" என்கிறது! உட்கார்வது உழைப்பில்லையா? ஒரே இடத்தில் உறைந்திருப்பது உடலுக்குத் தண்டனை இல்லையா? என்ன தம்பி, கடைசி வரிசையிலிருந்து கைதட்டுகிறீர்கள்? முதலில் நிமிர்ந்து உட்காருங்கள், அப்புறம் தட்டலாம்!

ஒரு தங்கை என்னிடம் வந்தார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். மாலை ஷிப்ட்டில் கணினி வேலை. இரண்டு வயது மகளைத் தூக்க முடியாத இடுப்புவலி. "குழந்தை இப்பல்லாம் என்கிட்ட கேக்கறதே இல்ல டாக்டர். நேரா அப்பாகிட்ட போயிடறா. வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்" என்று அழுதார்.

எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டேன், நடித்துக் காட்டினார். கால் தரையில் படவில்லை, முதுகு சாய்மானத்தில் படவில்லை, விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தார். "நாற்காலிய இறக்கிக்கலாமேம்மா?" என்றேன். "எப்படி டாக்டர்? காலைல அதுல ஒரு சார் உக்கார்றாரு. அவர் வச்சத மாத்தினா தப்பா நினைப்பாரு" என்றார்.

அதே வாரம் அந்தச் சாரும் வந்து சேர்ந்தார்! நண்பர்கள் 'கொக்கு' என்று கூப்பிடும் நெட்டை மனிதர். அவர் உயரத்துக்குக் குட்டையாகிப்போன அதே நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்ததில் கழுத்தே திரும்பவில்லை. "ஏத்திக்கலாமே?" என்றேன். "சாயங்காலம் ஒரு மேடம் உக்கார்றாங்க சார். அவங்க செட் பண்ணதுல நாம கை வைக்கலாமா?" என்றார்.

தோழர்களே! அவரும் ஏற்றவில்லை, இவரும் இறக்கவில்லை! அப்படியானால் அந்த உயரத்தை வைத்தது யார்? கடைக்காரர்! நாற்காலி வந்த நாள் முதல் அதன் உயரத்தை மாற்றும் கைப்பிடியை ஒருவரும் தொடவில்லை. மரியாதை, மரியாதை என்று சொல்லியே இரண்டு முதுகுகள் ஒடிந்துகொண்டிருந்தன. சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. நாற்காலி வாங்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அதைப் பயன்படுத்தச் சொல்லித்தரத் தெரியாதா?

பாதம் தரையில் பதியட்டும்! முதுகு சாய்மானத்தில் சாயட்டும்! திரை கண்ணுக்கு நேரே நிற்கட்டும்! அரை மணிக்கொரு முறை எழுந்து நாலடி நடங்கள்! உடம்புக்கு ஏற்றபடி நாற்காலியை மாற்றுங்கள், நாற்காலிக்கு ஏற்றபடி உடம்பை மாற்றாதீர்கள்! இதற்கு எந்த அதிகாரியின் அனுமதியும் வேண்டாம்!

இருவரையும் பேசவைத்தேன். இப்போது நெட்டையர் கிளம்பும்போது தங்கைக்காக நாற்காலியை இறக்கிவைக்கிறார். தங்கை கிளம்பும்போது அவருக்காக ஏற்றிவைக்கிறார். நான் சொன்ன பயிற்சியையும் விடாமல் செய்தார்கள்.

போன வாரம் அந்தத் தங்கை மகளோடு வந்தார். வேலையை விடவில்லை என்றார். அதை அவர் சொல்வதற்கு முன்பே எனக்குச் சேதி தெரிந்துவிட்டது. ஏனென்றால் அந்தக் குழந்தை என் அறைக்குள் நடந்து வரவில்லை. அம்மாவின் இடுப்பில் ஏறி வந்தது!

பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி, பொறுத்துக்கொண்டே இருக்கும் உங்கள் முதுகுகளுக்கு என் வணக்கம்!