பெர்னதெத் நடந்த சாலை

இரவு எட்டு மணி. தவளக்குப்பத்துக்குப் போகிற கடலூர் ரோடு. இரண்டு பக்கமும் புளியமரங்கள்... ஆள் இல்லை, வண்டி இல்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அந்தக் காலத்தில் விளக்கு என்று ஒன்றும் கிடையாது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம்ம கிறிஸ்துதாஸின் பெரியப்பாவுக்கு நடந்தது. அவர் இருந்தவரை இதைத் தன் வாயால் சொன்னதில்லை. பெரியம்மாதான் ஒரே ஒரு தடவை கிறிஸ்துதாஸின் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். முப்பத்து நாலாம் வருஷம், தை மாதம்.

பெரியப்பா பெயர் தனிஸ்லாஸ். வீடு முத்தியால்பேட்டை. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைகிற வேலை. ஊர் தூங்கும்போது விழித்திருப்பார், ஊர் விழித்ததும் தூங்குவார். ஒரே பெண், பெர்னதெத். ஒன்பது வயது. படிப்பில் கெட்டி. அதைவிட, சொன்னால் கேட்கிற பிள்ளை. உட்காரு என்று சொல்லிவிட்டு எழுந்திரு என்று சொல்ல மறந்துவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

தவளக்குப்பத்துக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில், கன்னியாஸ்திரிகள் ஒரு போர்டிங் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அங்கே தங்கிப் பிரெஞ்சு படித்துத் தேறினால் டீச்சர் வேலைக்குப் போகலாம். அம்மா சூசைமேரிக்கு மனசே இல்லை. இன்னும் தலை பின்னிக்கொள்ளத் தெரியாத பிள்ளையை எப்படி விடுவது என்று ராத்திரியெல்லாம் புலம்பினார். தனிஸ்லாஸ்தான் பிடிவாதமாக நின்று சேர்த்துவிட்டார். அடுப்பு வெக்கையில் வேகிற பிழைப்பு தன்னோடு போகட்டும் என்று நினைத்தார்.

அங்கே ஒரு விதி. முதல் வாரம் வீட்டு ஆட்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பிள்ளை பழகாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரலாம். கொண்டுபோய் விட்ட அன்று மற்றப் பிள்ளைகள் தாய் சேலையைப் பிடித்துக்கொண்டு கதறின. பெர்னதெத் மட்டும் கேட் கம்பியைப் பிடித்தபடி பேசாமல் நின்றாள். அழக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அழவில்லை.

அந்த வாரம் தனிஸ்லாஸுக்குப் பகலிலும் தூக்கம் வரவில்லை. இந்நேரம் சாப்பிட்டிருப்பாள், இந்நேரம் படுத்திருப்பாள் என்று மனசு அங்கேயே கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கிடங்கில் வேறு ஆளைப் பிசையச் சொல்லிவிட்டு, சூடாக நாலு ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ராத்திரியே போய் பள்ளிக்கூடத்து கேட் பக்கத்தில் படுத்துக்கொண்டால் விடிந்ததும் முதல் ஆளாகப் பார்க்கலாம். சூசைமேரிக்கு முழங்கால் வீக்கம், அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வாசல் வரை நொண்டி வந்து, பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வா என்று மட்டும் சொன்னார்.

பாலத்தைத் தாண்டினார். ஆற்றுச் சேற்று வாடை. நல்ல பனி... தவளைச் சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. அணைத்த விளக்கு மாதிரி.

எதிரே சருகு மிதிபடுகிற சத்தம்.

சரக்... சரக்...

நரியாக இருக்கும் என்று நினைத்து நின்றார். அதுவும் நின்றது. புளியமரத்தின் இருட்டுக்குள் வெள்ளையாக ஏதோ... சின்ன உயரத்தில்.

"அப்பா."

தனிஸ்லாஸுக்குப் பயம் வரவில்லை. அதுதான் இந்தக் கதையில் தாங்க முடியாத இடம். பெற்ற பிள்ளை கூப்பிட்டால் யாருக்குப் பயம் வரும்? அவருக்கு வந்தது கோபம். இந்த இருட்டில் இத்தனை தூரம் தனியாக ஓடி வந்திருக்கிறாளே என்று. வெள்ளைக் கவுன் போட்டிருந்தாள். தலை படிய வாரியிருந்தது. கிட்டே போனதும் ஓடிகொலோன் சென்ட் வாசனை, கூடவே எரிந்த மெழுகுவத்தி வாசனை. கோயிலிலிருந்தே நழுவி வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"வூட்டுக்குத்தாம்பா வந்துகினு இருந்தேன்," என்றாள் பெர்னதெத்.

தனிஸ்லாஸ் மண்டி போட்டு உட்கார்ந்தார். ரொட்டியை எடுத்துக் கொடுத்தார். வாங்கி மூக்கில் வைத்து, நெடுநேரம் முகர்ந்தாள். தின்னவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்போது தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். மனசு அதைத்தான் சொன்னது. ஆனால் இன்றைக்குக் கூட்டிப்போனால் சூசைமேரி மறுபடி அனுப்பவே மாட்டார். மதர்மாரும் ஓடிப்போன பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எல்லாம் போய்விடும். மெதுவாக எடுத்துச் சொன்னார். முதல் வாரம்தான் கஷ்டம், அப்புறம் பழகிவிடும் என்றார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அம்மாவ ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேம்பா."

"இப்ப வேணாம் பாப்பா. லீவுல பாத்துக்கலாம். அப்பா சொல்றேன்ல?"

வீடு இருக்கிற பக்கமாக ஒரு தடவை பார்த்தாள்.

"சரிப்பா."

முதுகைக் காட்டினார். ஏறிக்கொண்டாள். கழுத்தைக் கட்டிக்கொண்ட கை சில்லென்று இருந்தது... பனிக்காலத்தில் விடிய விடியக் கிடந்த பிசைந்த மாவு மாதிரி. பனியில் நடந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று தன் துண்டை எடுத்து அவள்மேல் போர்த்தினார். வழியெல்லாம் ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். டீச்சர் ஆகிவிட்டால் குடை வாங்கித் தருவதாகச் சொன்னார். அவள் பதில் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று அவரும் குரலைத் தணித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துக் கேட்டில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. பெரிய மதர் தனியாக நின்றிருந்தார். வண்டிக்காரர் கலியபெருமாள் பின்கட்டுத் தொழுவத்தில் மாடு பூட்டிக்கொண்டிருந்தார்.

தனிஸ்லாஸ் குனிந்தபடியே, "கோச்சிக்காதீங்க மதர். பாதி வழி வந்துட்டா. நானே கூட்டியாந்துட்டேன்," என்றார்.

மதர் விளக்கை உயர்த்தினார். தனிஸ்லாஸின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவர் முதுகைப் பார்த்தார். விளக்குக் கண்ணாடி கிணுகிணுவென்றது.

முதுகில் துண்டு மட்டும்தான் இருந்தது.

கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். பீடத்துக்கு முன்னால் ஒரு பெஞ்சு, நாலு மெழுகுவத்தி. வெள்ளைக் கவுன். தலை படிய வாரியிருந்தது. அதே ஓடிகொலோன் வாசனை... மதர் அழுதுகொண்டே சொன்னார். வாரம் முழுக்க அழுகிற பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் சமாதானம் சொல்லியிருக்கிறாள். வியாழக்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை காலையில் தெளிந்த மாதிரி இருந்தது, அப்பா வருகிற நாள் நாளைக்குத்தானே என்று கேட்டிருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்துவிட்டது. இப்போதுதான் குளிப்பாட்டி, புது உடுப்புப் போட்டு, வீட்டுக்குச் சொல்ல வண்டி கட்டச் சொன்னோம் என்றார்.

தனிஸ்லாஸ் அழவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கடைசியில் யாரைத் தேடினாள்?

"அம்மாவ," என்றார் மதர்.

வண்டி முத்தியால்பேட்டைக்குப் போனது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லக் கலியபெருமாளுக்கு உத்தரவு. கேட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது.

கிழக்கு வெளுக்கும்போது வண்டி திரும்பியது. சூசைமேரி நொண்டிக்கொண்டே கோயிலுக்குள் வந்தார். ஓ என்று விழுந்து புரளுவார் என்று இரண்டு கன்னியாஸ்திரிகள் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே புருஷனிடம் வந்தார்.

"ஏன்யா அவள வேணாம்னு சொன்ன?"

தனிஸ்லாஸ் எழுந்து நின்றார்.

"ராவுல வந்தா. கதவத் தட்டுனா. தெறந்தா நிக்கிறா. உள்ள வாடின்னேன். வரமாட்டேன்னுட்டா. லீவுலதான் வரணும்னு அப்பா சொல்லிட்டாரும்மா, உன்னப் பாத்துட்டு ஓடிடறேன்னா." சூசைமேரியின் குரல் ஏறவே இல்லை. "கையப் புடிச்சி இழுத்தேன். அப்பா கேட்டா நான் வந்தத சொல்லாதம்மான்னு சொல்லிட்டு, கைய உருவிக்கினு போயிட்டா. எங்காலுக்கு ஓட முடில."

மெழுகுவத்தி உருகிச் சொட்டுகிற சத்தம் கேட்டது. சூசைமேரி பெஞ்சின் காலடிப் பக்கமாகப் போய் உட்கார்ந்தார். பிள்ளையின் பாதத்தில் முத்தம் கொடுக்கக் கவுன் ஓரத்தை ஒதுக்கினார். ஒதுக்கியவர் அப்படியே இருந்தார்.

மதர் எட்டிப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு ஓரடி பின்னால் போனார். அவர் கையாலேயே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, மூடிவிட்ட கால்கள்.

கணுக்கால் வரைக்கும் ரோட்டுப் புழுதி. விரல் இடுக்கெல்லாம் மண். உள்ளங்கால் வெடித்திருந்தது. இடது குதிகாலில் ஒரு கருவேல முள் ஒடிந்து உள்ளே நின்றது.

தனிஸ்லாஸ் அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மாவு பிசைகிற தடித்த விரல்... முள் நுனியைப் பிடிக்கவே நேரமானது. மெதுவாக இழுத்து எடுத்தார். எடுத்துவிட்டு, வலிக்குமே என்று அந்த இடத்தில் வாயால் ஊதினார்.

ஊத ஊத, முள் இருந்த இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் சிவப்பாக எழும்பி நின்றது.