ஐந்து இறக்கைத் தும்பி

இந்தத் துறை உங்களுக்குப் புதிது என்று சொன்னீர்கள், அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன வியாபாரி தன் சரக்கின் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொள்வது அப்படியொன்றும் கஷ்டமான காரியம் இல்லை. அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். வீட்டில் மெழுகுவத்தி ஊற்றி விற்கிறவர்கூடச் செய்துகொள்ளலாம். அதே பெயரை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று முதலில் தேட வேண்டும். சரக்கு எந்த வகுப்பில் வருகிறது என்று பார்க்க வேண்டும். சோப்பு மூன்றாம் வகுப்பு, துடைப்பம் இருபத்தொன்று. எப்போதிலிருந்து அந்தப் பெயரில் விற்கிறார்கள் என்பதற்குச் சான்று வேண்டும். பிறகு ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். விண்ணப்பம் யார் பெயரில் போகிறதோ, அவருக்குத்தான் அந்தப் பெயர்.

பதினாறு வருடமாக நான் செய்கிற வேலை அது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை, ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, வந்தவர்கள் உட்கார ஒரு சுழல் நாற்காலி. நான் எழுதிய விண்ணப்பம் பிழை என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

அந்த அம்மா வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. நாற்பது வயது இருக்கும். கையில் பழுப்புத் தாளில் சுற்றிய சோப்புகள். கூடவே ஒன்பது வயது மகள். அந்தப் பெண் வந்ததும் வராததுமாகச் சுழல் நாற்காலியில் ஏறிச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

"என் பேரா, சோப்பு பேரா சார்?"

"சோப்பு பேரு."

"தும்பி. அதோ சுத்திக்கிட்டு இருக்கே, அதோட பேருதான். ஒரு இடத்துல நிக்காது."

மகளுக்குப் பிறந்ததிலிருந்தே தோல் தொல்லை. கடையில் வாங்கும் எந்தச் சோப்பு பட்டாலும் உடம்பு சிவந்து வெடித்துவிடும். கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அந்த அம்மா தனியாகவே எண்ணெய்களை மாற்றி மாற்றிப் போட்டு, தன் முழங்கையில் தேய்த்துப் பார்த்து, நான்கு வருடத்தில் எரியாத ஒரு சோப்பைச் செய்துவிட்டார். அக்கம்பக்கத்தில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு வருடமாக விற்கிறார். அட்டையில் போடுவதற்கு மகள் ஒரு நோட்டுத் தாளில் தும்பி வரைந்திருந்தாள். அதற்கு ஐந்து இறக்கை இருந்தது.

"தும்பிக்கு நாலு றெக்கைதானே பாப்பா?" என்றேன்.

"ஒண்ணு ஸ்பேர்" என்றாள், சுற்றுவதை நிறுத்தாமல்.

நான் சிரித்தேன். அதைச் சொல்லக் காரணம், அன்று காலை என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அசல் படம், இரண்டு வருட ரசீதுகள், பழைய அட்டைகள், எல்லாவற்றையும் வாங்கி ஒரு கோப்பில் போட்டேன். மேலே 'சோப்பம்மா' என்று பென்சிலில் எழுதி அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் என் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் தரை கழுவும் பவுடரும் துணி சோப்பும் செய்கிறவர். சரக்கு கடைகளிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த நேரம் அது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் என் அலுவலகத்துக்கு ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. விசேஷ வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "நம்ம மாப்ளே, ஃபாரம் நிரப்புறார்" என்பார். எல்லோரும் லேசாகச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மேசைமேல் இருந்த சோப்பை எடுத்து முகர்ந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ளே, இந்தப் பேரு யாரோடது?"

"இன்னும் யாரோடதும் இல்ல மச்சான்" என்றேன்.

சட்டப்படி அது சரியான பதில்.

"அப்போ நம்மளோடதா இருக்கட்டுமே. புள்ளைங்க சோப்புன்னா கடைக்காரன் தேடி வந்து வாங்குவான். உங்களால முடியாததா?"

உங்களால் முடியாததா. அதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் எனக்குப் பணம் எதுவும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மதியமே மச்சான் பெயரில் விண்ணப்பம் அனுப்பினேன். மூன்றாம் வகுப்பு, பெயர் தும்பி, கூடவே படம். படத்தை மாற்றி வரைய எனக்கு வராது. இருந்ததை அப்படியே வைத்தேன்.

வியாழக்கிழமை அந்த அம்மா ரசீது கேட்டு வந்தார். பொய்யாக ஒரு எண்ணை எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை. அதனால் உண்மையான எண் ஒன்றைக் கொடுத்தேன். அது ஒரு துடைப்பம் செய்பவருடைய விண்ணப்ப எண். அந்த அம்மா அதை வாங்கி இரண்டாக மடித்து, மகளின் பள்ளி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்தார். "தொலையாது பாருங்க" என்றார். அன்றிலிருந்து என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

எனக்கு உறுத்தவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம், செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு மாடியேறுவார். வருகிற சத்தமே கேட்காது. அதனால் சத்தம் கேட்காத ஒவ்வொரு நிமிடமும் அவர் ஏறி வந்துகொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும். அந்த மாதங்களில் நான் மெலிந்துபோனேன். மனைவி டாக்டரிடம் போகச் சொன்னாள்.

பதிவு அலுவலகம் மச்சானின் விண்ணப்பத்தைப் பரிசீலித்து, தன் டிரேட்மார்க் பத்திரிகையில் வெளியிட்டது. இது முக்கியமான கட்டம், குறித்துக்கொள்ளுங்கள். வெளியிட்டதும் உடனே பதிவு செய்துவிட மாட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று சில மாதம் காத்திருப்பார்கள். முன்பிருந்தே அந்தப் பெயரில் விற்கிறவர் ஒரே ஒரு தாளில் எழுதி, சான்று வைத்துக் கொடுத்தால் போதும், அதோடு நின்றுவிடும். சாமானியர்களுக்காகவே வைத்த கதவு அது. ஆனால் அந்தப் பத்திரிகையைச் சாமானியர்கள் யாரும் படிப்பதில்லை. அவர்களுக்காக என்னைப் போன்றவர்கள் படிக்கிறோம்.

அந்தக் கெடுவின் கடைசி நாள் அந்த அம்மா என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். தற்செயலாக வந்தார். புதிதாக அச்சடித்த அட்டைகளை எனக்குக் காட்ட வேண்டுமாம். மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பி, "மஞ்சள் நல்லா இருக்கா, பச்சை நல்லா இருக்கா அண்ணா?" என்று கேட்டார். மணி நான்கு இருபது. பதிவு அலுவலகம் ஐந்து வரை ஆட்சேபத்தை வாங்கிக்கொள்ளும். அவருடைய ரசீதுகளும் அசல் படமும் என் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தன. நான் தேநீர் வாங்கிவரச் செய்தேன். பச்சை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

"நம்மளது வந்துடுச்சா அண்ணா?"

"வரிசையில இருக்கும்மா."

அவர் தேநீரை ஊதி ஊதி மெதுவாகக் குடித்தார். கணவர் அடுத்த வாரம் வருகிறார் என்றார். மகள் பள்ளியில் எல்லோரிடமும் என் பேர்ல சோப்பு இருக்கு என்று பீற்றிக்கொள்கிறாளாம், டீச்சர் கூப்பிட்டு விசாரித்தாராம். ஐந்து அடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் எழுந்தார். அவர் கிளம்பிய பிறகு எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இனி நான் முடிவு செய்ய எதுவும் இல்லை என்கிற நிம்மதி.

பதிவாகிச் சான்றிதழ் வந்ததும், மச்சான் சார்பில் அந்த அம்மாவுக்கு ஒரு நோட்டீஸ் போக வேண்டியிருந்தது. பதிவு பெற்ற பெயரை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள், உடனே நிறுத்த வேண்டும் என்கிற வழக்கமான வாசகம்தான். அதை எழுதியது நான். நான்காம் நாள் அந்த அம்மா அதே நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார்.

"அண்ணா, என்னமோ வந்திருக்கு. படிச்சா பயமா இருக்கு, புரிய மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்க."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் எழுதியதை நிதானமாகப் படித்தேன். வரிவரியாக விளக்கினேன்.

"இது நம்ம படந்தானே? அஞ்சு றெக்கை இருக்கே" என்றார்.

"நீங்க சந்தையில வச்சு வித்தப்போ யாரோ பாத்து எடுத்திருக்கணும். நமக்கு முன்னாடி போய்ப் பதிஞ்சுட்டாங்கம்மா."

"நாம குடுத்தது?"

"வரிசையில பின்னாடி போயிடுச்சு."

சண்டை போடலாமா என்று கேட்டார். கோர்ட், வக்கீல், வருடக்கணக்கு என்று எடுத்துச் சொன்னேன். நானே ஒரு உறுதிமொழிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், இனி அந்தப் பெயரைப் பயன்படுத்தமாட்டேன் என்று. கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

"அண்ணா, வீட்டுல அவளைத் தும்பின்னு கூப்பிடலாமா?"

"வீட்டுக்குள்ள கூப்பிடலாம்மா" என்றேன்.

"ரொம்ப நன்றிண்ணா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இத்தனை வருடத்தில் நான் செய்ததிலேயே எது என்னைத் தூங்கவிடவில்லை என்று கேட்டீர்களானால், அந்த அனுமதியைத்தான் சொல்வேன்.

அவர் பச்சை அட்டைகளை எல்லாம் எரித்துவிட்டு, வெறும் தாளில் சுற்றி விற்றார். பெயர் இல்லாத சோப்பைத் தெரிந்தவர்கள் மட்டும் வாங்கினார்கள், பிறகு அவர்களும் குறைந்தார்கள். இரண்டு மாதத்தில் மச்சானின் சோப்பு கடைகளுக்கு வந்தது. பழைய பெயர், பழைய படம், உள்ளே மட்டும் வாசனை சேர்த்த துணி சோப்பு. பெயரை நம்பித் தாய்மார்கள் வாங்கினார்கள். குழந்தைகளுக்குத் தோல் உரிந்தது. அவர்கள் சண்டைக்குப் போனது அந்த அம்மாவின் வீட்டு வாசலுக்கு. தும்பி என்றால் அவர்தானே அவர்களுக்கு. ஒரு பெண் அழுதுகொண்டே குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டினாளாம். 

மகளுக்கு இதெல்லாம் முழுதாகத் தெரியாது. பள்ளிக்கு எதிரே உள்ள கடையில் தன் பெயரையும் தான் வரைந்த படத்தையும் பார்த்திருக்கிறாள். அம்மாவின் சோப்பு திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து, அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று தன் சேமிப்பில் ஒன்று வாங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள். வீட்டில் அம்மா வெளியே போயிருந்தார். அந்தப் பெண்ணுக்குச் சிறுவயதிலிருந்தே கண்ணைத் திறந்துகொண்டு குளிக்கிற பழக்கம். நுரையைக் கண்டு பயந்ததே இல்லை. எரிந்தபோதும் உடனே கழுவாமல் தொடர்ந்து தேய்த்திருக்கிறாள். அம்மா செய்த சோப்பு எரியாது என்று அவளுக்குத் தெரியும்.

கழுத்தும் தோளும் மெதுவாக ஆறிவருகின்றன. வலது கண் போய்விட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை விட்டா எனக்கு யாருண்ணா இருக்கா, இப்பவாவது கேஸ் போடுங்க" என்றார். நான் பழத்தைக் கட்டிலருகே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு அவரே அந்த ரசீதை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். கவுன்டரில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது துடைப்பத்துக்கும்மா" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. அலுவலகம் எண்ணை மாற்றிவிட்டது என்று நினைத்து அலுவலகத்தின் மேல்தான் புகார் எழுதினார். அந்தப் புகார் உங்கள் முன்னால் இருக்கிறது. கடைசிப் பத்தியில் என்னைப் பற்றி எழுதியிருப்பதை நானும் படித்தேன். இந்த விஷயத்தில் தனக்கு உதவியாக இருந்தவர் நான் ஒருவன்தான் என்று எழுதியிருக்கிறார். என்னைச் சாட்சியாகத்தானே அழைத்தீர்கள்.

இதுவரை சொன்னது முழுவதும் பெயரைப் பற்றியது. திருட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் கண் விஷயத்தில் நான் என்ன செய்ய முடியும், சோப்பு செய்தது நானில்லையே என்று இந்த ஒரு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

சரக்கு கடைகளுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு, மச்சான் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். என் மனைவி ஒரே ஒரு முறை கை கழுவினாள். சாயங்காலத்துக்குள் விரல் இடுக்குகளில் கொப்புளம். நான் மச்சானைப் போனில் கூப்பிட்டேன். "காஸ்டிக் சோடா கொஞ்சம் கூடிடுச்சு மாப்ளே, அடுத்த தடவை சரி பண்ணிக்கலாம்" என்றார். நான் போனை வைத்துவிட்டு, பெட்டியை அப்படியே கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். இனி அந்தச் சோப்பு வீட்டுக்குள் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

மனைவி விரல்களை நீரில் நனைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "புள்ளைங்களுக்குன்னு அட்டையில போட்டிருக்காங்களே. கடைக்காரங்ககிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிடலாமே" என்றாள்.

நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. நன்றாக யோசித்த பிறகுதான் சொன்னேன்.

"வேணாம். பேரு கெட்டுடும்."